காவலுக்குக் காவல்

ஒரு சர்வகலாசாலை நடப்பதற்கு என்னென்ன வேண்டும்? கற்றறிந்த ஆசிரியர்கள் வேண்டும். நல்ல புத்தகசாலை வேண்டும். பரிசோதனைக் கூடங்களும் விடுதிகளும் விளையாட்டு மைதானமும் வேண்டும். நம்மில் யாரைக் கேட்டாலும் இந்த ஜாபிதாவைத் தட்டுத் தடங்கலின்றி ஒப்பித்து விடுவார்கள். ஆனால் அமெரிக்கர் ஒருவரைக் கேட்டால், கடைசியில் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: "சொந்தப் போலீஸ் படையும் வேண்டும்!"

இது வேடிக்கைப் பேச்சன்று. அந்நாட்டின் பெரிய கலாசாலைகள் பலவற்றில் வாயில் காப்போன் என்று ஒருவர் தடியூன்றி நிற்பதில்லை. கைது செய்யும் அதிகாரமும் இடுப்பில் துப்பாக்கியும் உடைய போலீஸாரே காவல் புரிகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நகரசபையல்ல, சர்வகலாசாலை. 2,500-க்கு மேற்பட்ட மாணாக்கர் படிக்கும் நான்கு வருஷக் கலாசாலைகளை 2011-12ஆம் கல்வியாண்டில் கணக்கெடுத்த போது, பொதுப் பணத்தில் நடப்பவற்றுள் நூற்றுக்கு 92-லும், தனியார் நடத்துபவற்றுள் நூற்றுக்கு 38-லும் இத்தகைய முழு அதிகாரம் பெற்ற போலீஸார் இருந்தனர். கலிபோர்னியா சர்வகலாசாலையின் போலீஸாருக்கோ, கலாசாலை எல்லைக்கு வெளியே ஒரு மைல் தூரம் வரையிலும் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது.

2023-24ஆம் கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கக் கலாசாலைகளில் இருந்த இந்திய மாணாக்கரின் தொகை மூன்று லக்ஷத்துக்கும் அதிகம். ஆகையால் இந்தப் போலீஸார் எப்படி நடந்து கொள்கிறார்கள், அவர்களைக் கேள்வி கேட்பவர் யார் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் வம்பு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

படை பிறந்த கதை

இந்த வழக்கம் 1894-இல் யேல் சர்வகலாசாலையில் ஆரம்பமாயிற்று. ஊராருக்கும் மாணாக்கருக்கும் ஓயாத சச்சரவு இருந்தபடியால், நகரப் போலீஸைச் சேர்ந்த இருவரைக் கலாசாலைக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். நெடுங்காலம் வரையில் மற்றக் கலாசாலைகளில் இராக் காவற்காரர்களே போதுமானவர்களாயிருந்தார்கள்.

1960-க்குப் பின் நிலைமை மாறியது. 1964 அக்டோபர் முதல் தேதியன்று, பெர்க்லியில் அரசியல் பிரசாரம் செய்ததற்காக ஒருவரைப் போலீஸார் கைது செய்து மோட்டாரில் ஏற்றினார்கள். சுற்றிலும் மாணாக்கர் திரண்டு வந்து தரையில் உட்கார்ந்து விட்டார்கள். கைதியும் வண்டியும் முப்பத்திரண்டு மணி நேரம் நகர முடியவில்லை. அந்த வண்டியின் மேல் ஏறி நின்றுதான் ஒருவர் பின் ஒருவராகப் பிரசங்கம் செய்தார்கள்; ஏறுமுன் காலணியைக் கழற்றி வைத்தார்கள் என்பது இன்றும் நினைவு கூரப்படுகிறது. பேச்சுரிமை இயக்கம் என்று சரித்திரத்தில் பெயர் பெற்றது இதுவே. பிறகு வந்த வருஷங்கள் இவ்வளவு சாந்தமாகக் கழியவில்லை. 1970 மே மாதம் 4ந் தேதி ஒஹையோ மாகாணத்துக் கென்ட் கலாசாலையில் தேசியக் காவல் துருப்புக்கள் சுட்டதில் நான்கு மாணாக்கர் மாண்டனர். பத்து நாள் கழித்து, மிஸிஸிப்பியில் நீக்ரோ மக்களுக்கென ஏற்பட்ட ஜாக்ஸன் கலாசாலையில் போலீஸார் சுட்டு இருவர் உயிரிழந்தனர்.

வெளியிலிருந்து துருப்பும் போலீஸும் வருவதைவிட, மாணாக்கரின் சுபாவமறிந்த சொந்தப் போலீஸார் இருப்பது நலம் என்ற எண்ணம் வலுப்பட்டது. பெற்றோரின் அச்சமும் இதற்குத் துணை புரிந்தது. விடுதியறையில் ஒரு மாணவி 1986-இல் கொலையுண்டதன் பயனாக, கலாசாலைகள் தம் எல்லையில் நடக்கும் குற்றங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமென்று 1990-இல் சட்டம் பிறந்தது. 2007 ஏப்ரல் 16ந் தேதி வர்ஜீனியா டெக் கலாசாலையில் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, "கலாசாலைக்குப் போலீஸ் எதற்கு?" என்று கேட்பது எளிதாயில்லை.

ஆகவே காவல் வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும் பிரச்னையன்று. காவலர் வரம்பு மீறும்போது நியாயம் கேட்கும் இடம் எது என்பதே பிரச்னை.

டேவிஸில் நடந்தது

இந்தக் கேள்விக்கு விடை தேட வைத்த சம்பவம் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையில், 2011 நவம்பர் 18ந் தேதி நடந்தது. சம்பள உயர்வை எதிர்த்தும், ஒன்பது நாளுக்கு முன் பெர்க்லி மாணாக்கர் தடியடி பட்டதைக் கண்டித்தும், மாணாக்கர் சிலர் புல்வெளியில் கூடாரம் அடித்திருந்தனர். கூடாரங்களை அகற்றும்படி சான்ஸலர் லிண்டா கடேஹி உத்தரவிட்டார். பிற்பகலில் தலைக் கவசமும் தடியுமாகப் போலீஸார் வந்தார்கள். சிலரைக் கைது செய்தார்கள். மற்றும் சில மாணாக்கர் நடைபாதையின் குறுக்கே கையோடு கை கோத்துத் தலை குனிந்து உட்கார்ந்தனர்.

அப்போது லெப்டினெண்ட் பதவியிலிருந்த ஒரு போலீஸ் அதிகாரி, செடிக்கு மருந்து தெளிப்பவர் போல நிதானமாக வரிசையின் முன்னே நடந்து, உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் மிளகாய்க் காரத் திராவகத்தைப் பீச்சினார். யாரும் கை ஓங்கவில்லை, கல் எறியவில்லை. சத்தியாக்கிரகம் என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாட்டினராகிய நமக்கு அந்தக் காட்சியை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

படம் உலகெங்கும் பரவியது. மறுநாள் இரவு சான்ஸலர் கட்டிடத்தை விட்டு வெளியே வந்த போது, வழி நெடுக இரு பக்கமும் மாணாக்கர் தரையில் அமர்ந்திருந்தனர். கூச்சலில்லை; வசையில்லை; ஒரு வார்த்தைகூட இல்லை. அவருடைய காலணியோசை மட்டும் கேட்டது. ஆயிரம் கண்டனத் தீர்மானங்கள் அந்த மௌனத்துக்கு ஈடாகுமோ?

விசாரணை செய்ய ஒரு கமிட்டி அமைந்தது. அதன் தலைவர் குரூஸ் ரெய்னோஸோ, கலிபோர்னியா ஸுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாயிருந்தவர். வயற்கூலிக் குடும்பத்தில் பிறந்து அந்தப் பதவிக்கு உயர்ந்தவர். மாணாக்கர், ஆசிரியர், சிப்பந்திகள் ஆகிய எல்லாத் தரத்தாரும் கமிட்டியில் இருந்தனர். அறிக்கையை வெளியிடக் கூடாதென்று போலீஸாரின் சங்கம் நீதிமன்றம் சென்றதால் தாமதம் ஏற்பட்டு, 2012 ஏப்ரலில் அது வெளிவந்தது.

திராவகம் பீச்சியது நியாயமற்றது என்று கமிட்டி கூறியது. உபயோகித்த பெரிய குப்பி, அந்தப் போலீஸ் இலாகாவில் அங்கீகரிக்கப்பட்ட ஆயுதமே அல்ல. அதைக் கையாளும் பயிற்சியும் அளிக்கப்படவில்லை. ஆனால் கமிட்டி அத்துடன் நிற்கவில்லை. கூடாரங்களை எந்தச் சட்டத்தின்படி அகற்றுகிறோம் என்பது தெளிவாகாமலே காரியம் தொடங்கப்பட்டது. பலப் பிரயோகம் கூடாது என்ற கருத்து மேலிருந்து கீழே தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஆகவே பழி திராவகம் பீச்சிய கையோடு முடியவில்லை, உத்தரவிட்டவர்களையும் சேர்ந்தது.

போலீஸ் தலைவி விலகினார். லெப்டினெண்ட் வேலையிழந்தார். 2012 செப்டம்பரில், வழக்குத் தொடுத்த 21 பேருக்குத் தலைக்கு 30,000 டாலர் உட்பட, மொத்தம் சுமார் பத்து லக்ஷம் டாலர் கொடுத்துச் சர்வகலாசாலை சமரசம் செய்து கொண்டது. கிரிமினல் வழக்கு ஏதும் தொடரப்படவில்லை. அடுத்த ஆண்டு, சம்பவத்தால் மனம் நொந்ததாக மனுச் செய்த அந்த முன்னாள் லெப்டினெண்டுக்கு 38,000 டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது! திராவகம் பட்டவருக்குக் கிடைத்ததைவிடப் பீச்சியவருக்குக் கிடைத்தது அதிகம் என்று கண்ட பொது ஜனங்கள் வியந்ததில் வியப்பில்லை.

சபையும் அதன் வேலையும்

இத்தனைக்கும் பிறகு டேவிஸில் 2014-இல் ஏற்பட்டதே போலீஸ் பொறுப்புச் சபை. மாணாக்கர், ஆசிரியர், சிப்பந்திகள் ஆகியோரின் சங்கங்கள் தத்தம் பிரதிநிதிகளைச் சிபார்சு செய்கின்றன. போலீஸார் இதில் அங்கத்தினரல்லர். ஒருவர் புகார் செய்தால், போலீஸ் இலாகாவைச் சேராத சர்வகலாசாலை அலுவலகம் ஒன்று விசாரிக்கிறது. விசாரணை அறிக்கை பெயர்கள் மறைக்கப்பட்டுச் சபைக்கு வருகிறது. குற்றவாளியா நிரபராதியா என்று நோக்குபவர்களுக்கு, அவர் இன்னார் என்பதே தெரியாது. சபை தன் அபிப்பிராயத்தைப் போலீஸ் தலைவருக்குச் சிபார்சாக அனுப்புகிறது. பொதுக் கூட்டங்கள் நடத்தி ஜனங்களின் குறைகளையும் கேட்கிறது, ஆண்டறிக்கையும் வெளியிடுகிறது.

இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. தன் மேல் வந்த புகாரைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளும் பழைய வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல். 2021-இல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தலைமை வகுத்த பாதுகாப்புத் திட்டம், பத்துக் கிளைகளிலும் இதே மாதிரியில் சபைகள் வேண்டுமென்று கூறியதே இதற்குச் சான்று.

ஆயினும் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, சபை சிபார்சு செய்யலாம். முடிவு செய்பவர் போலீஸ் தலைவரே. இரண்டாவது, போலீஸாரின் உத்தியோக விவரங்களை இரகசியமாய்க் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் மிகக் கடுமையானது. 2019 முதல் அது ஓரளவு தளர்ந்திருந்தாலும், சபை கண்டது முழுவதையும் ஊர் காண முடியாது. மூன்றாவது குறைதான் முக்கியமானது. சபையின் முன் வரும் புகார்கள் கலாசாலைப் போலீஸாரைப் பற்றியவை. மேலிடத்தில் உட்கார்ந்து அவர்களை அனுப்பி வைப்பவர்களைப் பற்றி அங்கே புகார் செய்ய இயலாது. வெளியூர்ப் போலீஸார் வந்தாலும் சபையின் கை எட்டாது. 2024 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் மாணாக்கரின் கூடாரங்கள் அகற்றப்பட்டு இருநூறு பேருக்கு மேல் கைதானபோது, நெடுஞ்சாலைப் போலீஸ் முதலிய பல படைகள் களத்தில் இருந்தன. ரெய்னோஸோ கமிட்டி சுட்டிக் காட்டிய நோய் உத்தரவின் ஊற்றுக்கண்ணில் இருந்தது. மருந்தோ கடைக்கோடியில் நிற்பவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எல்லைக்கு வெளியே

கலாசாலைப் போலீஸாரால் துன்புறுவோர் மாணாக்கர் மட்டுமல்லர். 2015 ஜூலை 19ந் தேதி, ஸின்ஸினாட்டி சர்வகலாசாலைப் போலீஸ்காரர் ஒருவர், மோட்டாரின் முன்புறம் எண் பலகை இல்லை என்று ஊருக்குள் ஒருவரை நிறுத்தினார். சில நிமிஷங்களில் அவரைச் சுட்டுக் கொன்றும் விட்டார். இறந்தவர் ஸாமுவேல் டுபோஸ் என்னும் நீக்ரோ; கையில் ஆயுதமில்லாதவர்; கலாசாலைக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. சுட்டவர் பணியிழந்தார், கொலைக் குற்றம் சாட்டப்பட்டது, ஆனால் இரு முறையும் ஜூரிகள் ஒருமனப்படாததால் வழக்குக் கைவிடப்பட்டது. 2016-இல் சர்வகலாசாலை அக்குடும்பத்துக்கு 48½ லக்ஷம் டாலர் தரவும், அவருடைய பன்னிரண்டு குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி அளிக்கவும் ஒப்புக் கொண்டது. போலீஸ் சீர்திருத்தத்தை ஆலோசிக்கும் சமூகக் குழுவில் அக்குடும்பத்தார் கலந்து கொள்ளவும் அந்த உடன்படிக்கை இடமளித்தது.

பணத்தைவிட இந்தக் கடைசி நிபந்தனையே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. அடி பட்டவனுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிடுவது ஒரு வகை நியாயம். அவனை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, "இனி இப்படி நேராதிருக்க என்ன செய்யலாம், சொல்லும்" என்று கேட்பது வேறு வகை நியாயம். ஜனநாயகம் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு இரண்டாவதே பொருத்தமான உரை.

கண்காணிப்புச் சபைகள் போலீஸாருக்கு விரோதிகள் என்று எண்ணுவது தவறு. கண்ணியமாய் வேலை செய்யும் காவலருக்கு, தம் நடத்தையைப் பிறர் நோக்குவதில் நஷ்டமில்லை. ஊராரின் நம்பிக்கை என்ற லாபமே உண்டு. இளைஞருக்கு அரசியல் சாஸ்திரத்தைப் புத்தகத்தில் கற்பிக்கும் ஸ்தாபனம், அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்ற பாடத்தைத் தன் புல்வெளியிலும் கற்பிக்க வேண்டும். அந்தப் பாடத்தைப் போலீஸ்காரர் கற்றுக் கொண்டால் மட்டும் போதாது. அவரை ஏவும் சான்ஸலரும் அதே பெஞ்சியில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.