குறை குரலிலா, மைக்கிலா, அறையிலா?



கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்றுதான் நம் குழுக்களில் பெரும்பாலும் கடன் விண்ணப்பம் வரும். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் சமீபத்தில் வந்த விண்ணப்பம் கொஞ்சம் வித்தியாசமானது. "புது மைக் வாங்க 18,000 ரூபாய் கடன் வேண்டும்" என்று ஒரு உறுப்பினர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இந்தச் சகோதரி வீட்டிலேயே ஒரு அறையில் குரல் பதிவு செய்து கொடுக்கும் தொழில் செய்கிறார். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவது, கடைத் திறப்புக்கு ஆட்டோ ஸ்பீக்கரில் போடும் விளம்பரம் பேசுவது, கோயில் திருவிழா அறிவிப்பு என்று மாதம் நாலு காசு வந்துகொண்டிருந்தது. குழுவில் 12,000 ரூபாய் கடன் வாங்கி, பழைய லேப்டாப்பும் ஒரு மைக்கும் வாங்கினார். தவணையும் தவறாமல் கட்டினார்.

ஆனால் ரெண்டு மாதமாக அனுப்பின பதிவெல்லாம் திரும்பி வருகிறது. "கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு", "பின்னால ஏதோ இரையுது" என்று சொல்கிறார்கள். திரும்பி வந்த பதிவுக்குப் பணம் கிடையாது. தவணையும் தள்ளிப்போக ஆரம்பித்துவிட்டது.

கூட்டத்தில் ஊக்குநர் கேட்டார். "மைக்தான் கெட்டுப்போச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியலக்கா. ஒருவேளை என் குரலே சரியில்லையோ என்னமோ. வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடு பால் குறைத்தால் உடனே வேற மாடு வாங்கவா ஓடுகிறோம்? தீவனத்தைப் பார்ப்போம், தண்ணியைப் பார்ப்போம், மடியைத் தொட்டுப் பார்ப்போம். அதுபோல முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம், பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டமைப்பு சார்பில் நானும், அந்த ஊக்குநரும் அவர் வீட்டுக்குப் போனோம். அன்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். போனில் குரல் பதிந்து அனுப்பும் எல்லாருக்கும் இது உதவும்.

பழைய பதிவும் புதுப் பதிவும்

முதல் வேலையாக, நல்லா இருக்குன்னு பாராட்டு வாங்கின பழைய பதிவையும், திரும்பி வந்த புதுப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். காதில் மாட்டும் இயர்போனில்தான் கேட்டோம். போன் ஸ்பீக்கரில் கனத்த இரைச்சல் சரியாகக் கேட்காது. நாம் கேட்காத இரைச்சலை வாங்குகிறவர் கேட்டுவிடுவார்.

ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. குரல் அதேதான், மைக்கும் அதேதான். "அப்ப என்னம்மா மாறுச்சு?" என்று ஊக்குநர் கேட்டார். சகோதரி யோசித்துவிட்டுச் சொன்னார். "முன்னாடி பழைய ஓட்டு வீட்டுல, நெல்லு மூட்டை போட்டிருந்த அறையில பதிஞ்சேன். இப்ப ரெக்கார்டிங்குக்குன்னே கான்கிரீட் அறை கட்டி, டைல்ஸ் போட்டிருக்கேன்."

பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

கை தட்டிப் பாருங்கள்

புது அறை பத்துக்குப் பத்து. நாலு சுவரும் வழவழவென்று பூசியிருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி தவிர எதுவும் இல்லை. நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டினோம். தட்டின பிறகும் 'டங்' என்று ஒலி நின்றது. பழைய அறையில் தட்டினோம். 'டப்' என்று அடங்கிப்போனது.

காரணம் இதுதான். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். கிணற்றிலோ மலையடியிலோ கூப்பிட்டால் போன குரல் தனியாகத் திரும்பிக் கேட்கும். அப்படித் தனியாகக் கேட்க சுவர் சுமார் 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சின்ன அறையில் சுவர் பக்கத்திலேயே இருப்பதால், குரல் நாலு பக்கமும் மோதி உடனுக்குடன் திரும்பி வந்து அசல் குரலோடு கலந்துவிடும். தனி எதிரொலியாகத் தெரியாது. குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். சிமெண்ட், டைல்ஸ், கண்ணாடி எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். மூட்டை, மெத்தை, தலையணை, கம்பளி எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நெல் மூட்டை போட்ட அறையில் குரல் நன்றாக இருந்த ரகசியம் இதுதான்.

வீட்டில் இருந்த பருத்தி மெத்தையைச் சுவரில் சாய்த்தோம். கொடி கட்டி ரெண்டு கனத்த போர்வையைச் சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டோம். தரையில் ஜமுக்காளம் விரித்தோம். பேசுகிறவருக்குப் பின்னால் போர்வை இருப்பது ரொம்ப முக்கியம். மைக் அவர் முகத்தைப் பார்த்துத்தானே நிற்கிறது? அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து திரும்புகிற ஒலி நேராக மைக்குக்குள் போகும்.

மெல்லிய சேலை மட்டும் கட்டினால் போதாது. அது கீச்சென்ற ஒலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். கனத்த ஒலியை அடக்க மொத்தமான துணி வேண்டும். சிலர் முட்டை அட்டையும் தெர்மாகோலும் ஒட்டுகிறார்கள். அதனால் பெரிய பலன் கிடையாது, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. துணி கட்டினாலும் பல்பு, சார்ஜர், பிளக் பக்கத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம் பேசாமல் பதியுங்கள்

அடுத்து, யாரும் வாய் திறக்காமல் ஒரு நிமிடம் வெறுமனே பதிந்து, இயர்போனில் கேட்டோம். 'ம்ம்ம்...' என்று ஒரு இரைச்சல். நம் காது இதற்குப் பழகிப்போய்விடும், மைக் பழகாது.

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். ஃபேனை நிறுத்தினால் கொஞ்சம் குறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபிரிட்ஜை நிறுத்தினால் இன்னும் குறைந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் மீதி இரைச்சலும் போய்விட்டது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை துடிப்பது. எர்த் சரியில்லாத இடத்தில் அந்தத் துடிப்பு வயர் வழியாகப் பதிவில் ஏறிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரைச்சல் போகும் என்று சொல்லி, பிளக்கில் உள்ள மூணாவது கம்பியை உடைப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாது. அது உயிரைக் காக்கும் எர்த். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சரிபார்ப்பதே முறை.

மைக் வயர் பக்கத்தில் செல்போனை வைக்காதீர்கள். சில போன்கள் அழைப்பு வருவதற்கு முன்னாலேயே 'டிர்ர் டிர்ர்' என்று பதிவில் விழும். போனிலேயே பதிவதானால் ஏரோபிளேன் மோடில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடாத, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் மறக்காமல் திரும்பப் போடுங்கள்!

மைக்குக்கும் முகம் உண்டு

இந்த இடத்தில்தான் நாங்கள் சிரித்துவிட்டோம். அவருடைய மைக் நெட்டையாக நிற்கிற வகை. மேடைப் பாட்டுக்காரர்கள் கையில் பிடிக்கும் மைக்கின் உச்சியில் பேச வேண்டும். ஆனால் ஸ்டாண்டில் நிற்கும் இந்த வகை மைக் பலவற்றில் உச்சியில் பேசக் கூடாது, பக்கவாட்டில் பேச வேண்டும். அதிலும் ஒரு பக்கம்தான் நன்றாகக் கேட்கும். பெரும்பாலும் கம்பெனிப் பெயரோ சின்னமோ போட்ட பக்கம் அது. புது அறைக்கு மாற்றியபோது மைக்கைத் திருப்பி வைத்துவிட்டார் போல. இத்தனை நாளும் மைக்கின் முதுகோடு பேசியிருக்கிறார்!

உங்கள் மைக்குக்கு எது முகம் என்று தெரியாவிட்டால், அதைச் சுற்றி நாலு பக்கமும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று பேசிப் பதிந்து பாருங்கள். எது தெளிவாக இருக்கிறதோ அதுதான் முகம். போனில் மைக் என்பது கீழ்ப்பக்கம் உள்ள சின்ன ஓட்டை. அதை விரலோ கவரோ மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் ஒரு சாண். கட்டைவிரலை உதட்டருகே வைத்து, விரித்த சுண்டுவிரல் மைக்கைத் தொடும் அளவு. இதைவிட ரெண்டு மடங்கு தள்ளிப் போனால் நேராக வரும் குரலின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். அறையின் ஒலி மட்டும் குறையாது. அதனால்தான் தள்ளி உட்கார்ந்தால் கிணற்றுக்குள் பேசுவது போல் ஆகிறது.

'ப' வரும்போது 'புஸ்'

"பணம்", "புடவை", "பள்ளிப் பாடம்" என்று சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துப் பாருங்கள், காற்று வந்து மோதும். அது மைக்கில் மோதினால் 'புஸ்', 'டும்' என்று பதியும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை ரெண்டு மடிப்பாக இறுக்கி, மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிறுத்தினால் காற்று தடைபடும், குரல் தடைபடாது. வாய்க்கு நேரே வைக்காமல் மைக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தாலும் குறையும்.

பால் பொங்க விடாதீர்கள்

சத்தம் பத்தவில்லை என்று சகோதரி அளவை முழுக்க ஏற்றி வைத்திருந்தார். பதிவு செய்யும்போது திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அது முழுசாக ஏறிச் சிவப்பில் முட்டினால் குரல் கரகரவென்று உடையும். பொங்கி வழிந்த பாலை அள்ள முடியாதது போல, உடைந்த குரலைப் பிறகு சரிசெய்ய முடியாது. குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பலமாகப் பேசும்போது -12 முதல் -6 வரை எட்டினால் சரியான அளவு.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதற்காக ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து நொடி பேசாமல் விடுங்கள். அந்த இரைச்சலை மாதிரியாக வைத்து மென்பொருள் கழித்துவிடும். ஆனால் அளவுக்கு மீறிக் கழித்தால் தண்ணிக்குள்ளே பேசுவது போல் ஆகிவிடும்.

முடித்ததை 'வேவ்' கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி இடம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

கடன் என்ன ஆயிற்று?

சாயங்காலம் அதே பாடத்தை, அதே பழைய மைக்கில் மறுபடி வாசித்தார். போட்டுக் கேட்டதும் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இது என் குரல்தானாக்கா?" என்றார். "உன் குரல்தான்டி. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஊக்குநர்.

வளையம், நைலான் துணி இரண்டுக்கும் சேர்த்து 140 ரூபாய் செலவு. மீதி எல்லாம் வீட்டில் இருந்ததே. மறுவாரம் அனுப்பின பதிவை ஏற்றுக்கொண்டார்கள். 18,000 ரூபாய் விண்ணப்பத்தை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

மைக்கே கெட்டுப்போவதும் உண்டு. இத்தனையும் செய்த பிறகும் சீறலோ கரகரப்போ இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் போகவில்லை என்றால் தெரிந்தவரிடம் மைக்கை இரவல் வாங்கி அதே இடத்தில் பதிந்து பாருங்கள். அதில் நன்றாக வந்தால் உங்கள் மைக்கில்தான் குறை. அப்போது கடன் கேட்பதில் தப்பே இல்லை.

இது யாரோ படித்தவர்கள் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். தெலங்கானாவில், அப்போதைய மேடக் மாவட்டத்து மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-இல் அனுமதித்த பிறகு கிடைத்த வாய்ப்பு அது. ஆனால் உரிமம் வருவதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே அந்தப் பெண்கள் விதையைப் பற்றியும் விவசாயத்தைப் பற்றியும் ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். பேச வேண்டிய விஷயம் நம்மிடம் உண்டு. அது தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பதியும் முன் ஒரு தடவை பாருங்கள்

• கை தட்டினால் ஒலி அடங்குகிறதா?
• முதுகுக்குப் பின்னால் போர்வை இருக்கிறதா?
• ஃபேன், ஃபிரிட்ஜ், சார்ஜர் நிறுத்தியாச்சா?
• மைக்கின் முகம் உங்களைப் பார்க்கிறதா? தூரம் ஒரு சாண்தானா?
• கோடு சிவப்பைத் தொடாமல் இருக்கிறதா?
• ஒரு நிமிடம் மாதிரி பதிந்து இயர்போனில் கேட்டாச்சா?

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் நன்றாகப் பேசுகிற, பாடுகிற உறுப்பினர் யார் என்று அன்றே கேட்டு, ஒரு போர்வையைக் கட்டி, போனிலேயே பதிந்து பாருங்கள்.