திருவெள்ளறைச் செலவு

ஊர்ப்பயணத்தைப் பழந்தமிழர் ‘செலவு’ என்றனர். இக்காலத்தில் அச்சொல் பொருள் செலவிடுதலையே பெரிதும் குறிக்கின்றது. திட்டமின்றிப் புறப்படுவோர்க்கு இப்பிற்காலப் பொருளே மெய்யாகிவிடும். கைப்பொருளும் காலமும் கரைய, கண்டது இன்னதெனக் கூற இயலாமல் வீடு திரும்புவர். ஆதலின், செல்லும் இடம் யாது, அங்குக் காணத்தக்கவை யாவை, எதனை எப்பொழுது காணலாம் என்பவற்றை முன்னரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கு வருவோர் பலர் மலைக்கோட்டை, திருவானைக்கா, திருவரங்கம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் விரைந்து கண்டு மீள்வர். மற்றொரு நாளையும் ஒதுக்க இயன்றவர்க்கு ஏற்ற ஊர் திருவெள்ளறை. சத்திரம் பேருந்து நிலையத்தினின்று துறையூர்ச் சாலை வழியே சென்றால், காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, மண்ணச்சநல்லூருக்கு அப்பால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அவ்வூரை அடையலாம். நாட்கள் மிகுதியாக உடையோர் அதே சாலையில் மேலும் சென்று, துறையூரில் தங்கிப் பச்சைமலையையும் கண்டு வரலாம்.

அறை என்பது பாறை. வெண்மையான பாறைமேல் கோயில் அமைந்தமையின் வெள்ளறை எனப் பெயர் பெற்றது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய பழம்பதி இது. இங்கு எழுந்தருளிய பெருமாளின் பெயர் புண்டரீகாட்சர். தாமரைக் கண்ணர் என்பது அதன் பொருள். நாதமுனிகளின் மாணாக்கராகிய உய்யக்கொண்டார் பிறந்த ஊரும் இதுவே.

முகப்பிலே முற்றுப்பெறாத கோபுரம் ஒன்று நிற்கின்றது. அதனைக் கடந்து பதினெட்டுப் படிகள் ஏறுதல் வேண்டும். அவை கீதையின் பதினெட்டு அத்தியாயங்களைக் குறிப்பன என்பர். உள்ளே இரு வாயில்கள் உள்ளன. தை முதல் ஆனி வரை உத்தராயண வாயிலும், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாயிலும் திறக்கப்படும். தாம் செல்லும் திங்களில் எவ்வாயில் திறந்துள்ளது என மாணவர் நோக்குவாராக.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். ஆதலின் காலையிலேயே வழிபாட்டை முடித்து, பின்னர் அருகிலுள்ள கிணற்றைக் காணுதல் முறை. அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. சுவத்திக வடிவில் நாற்புறமும் படிக்கட்டுகள் இறங்குகின்றன. ஒவ்வொன்றும் இடையே வளைந்து செல்வதால், ஒரு துறையில் நீராடுவோரை மற்றொரு துறையில் உள்ளோர் காணார். அதனால் ஊரார் இதனை மாமியார் மருமகள் கிணறு என்று நகையாக வழங்குவர்.

ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன், பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் இதனை முடித்தவன் கம்பன் அரையன். அவன் ஆலம்பாக்கத்து விசையநல்லூழானின் தம்பி. மாற்பிடுகு என்பது மன்னனின் விருதுப்பெயர். கிணற்றுக் கல்வெட்டில் ஒரு செய்யுளும் உண்டு. இவ்வுலக வாழ்வு நிலையாதது. மூப்பு வந்து தளர்த்துமுன், தான் உண்டு எஞ்சியதைப் பிறர்க்கு உதவுக என்பதே அதன் கருத்து.

அறம் இன்னதெனச் சொல்லில் பொறித்ததோடு அமையாது, அதனையே நீராகவும் ஊற்றி வைத்தான் அவன். பழங்கோயிற் சுவர்களிலும் தூண்களிலும் தம் பெயரைக் கிறுக்கிச் செல்வோர் இன்றும் உளர். அப்பெயர்களை மதிப்பார் ஒருவரும் இலர். அவை பழம்பொருளைப் பாழ்படுத்துவதே மிச்சம். கம்பன் அரையன் பெயரோ பன்னிரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கின்றது. பிறர் தாகம் தீர்த்தவன் பெயர் கல்லில் இருப்பதற்கு உரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்து மீள்வோரின் செலவே பயனுள்ள செலவாகும்.