எண்ணெய் மாற்றும் கியர்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ், காவிரிப் பாலம் கடந்து மாம்பழச்சாலை நெரிசலில் ஊர்ந்து திருவானைக்காவலை எட்டுவதற்குள், ஓட்டுநர் எத்தனை தடவை கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுகிறார் என்பதை முன் ஆசனத்திலிருந்து கவனித்தவர்கள் அறிவார்கள். அச்சிரமம் முழுவதையும் எண்ணெயின் அழுத்தத்திடமே ஒப்படைத்த 'ஹைட்ரமாட்டிக்' கியர்பாக்ஸை, 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரகடத்திலேயே அல்லிசன் நிறுவனம் கனரக வாகனங்களுக்கான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கிறது.

இத்தகைய கியர்பாக்ஸில் வால்வு பாடி என்பது அலுமினியத்தில் வார்த்த ஒரு பாளம். அதற்குள் புழு அரித்தாற்போல் வளைந்து செல்லும் எண்ணெய்ப் பாதைகள். முக்கொம்பில் ஷட்டர்கள் காவிரி வெள்ளத்தைப் பங்கிடுவதுபோல், பம்பிலிருந்து வரும் எண்ணெயை எந்தக் கிளட்சுக்கு, எந்த க்ஷணத்தில், எவ்வளவு விடுவது என்பதை விரல் பருமனுள்ள வால்வுகளும் அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகளும், பிற்கால வண்டிகளில் சொலினாய்டுகளும் நிர்ணயிக்கின்றன. வால்வுக்கும் அதன் துளைக்கும் இடையே தலைமயிரின் கனம்கூட இராது. ஆகையால் உலோகத் துகள் ஒன்று சிக்கினாலும் கியர் தாமதித்து விழும், வண்டி உதறும். இந்த அற்பக் காரணத்திற்காக முழுக் கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்வது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

வால்வு பாடியைப் பிரித்துச் சீர்செய்வதில் பலத்தைவிடப் பொறுமையே பிரதானம். போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடுமாதலால், ஒவ்வொன்றும் இருந்த ஸ்தானத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டே கழற்ற வேண்டும். நடுவேயுள்ள இரும்புத் தகட்டை அஜாக்கிரதையாகத் தூக்கினால், பாதைகளில் கிடக்கும் பால்ரஸ் குண்டுகள் உருண்டோடிவிடும். அவற்றில் ஒன்று இடம் மாறினாலும் செய்த வேலை அத்தனையும் வியர்த்தம். ஒரே மாதிரித் தோன்றும் ஸ்பிரிங்குகளும் பலத்தில் ஒன்றல்ல. துடைப்பதற்குப் பட்டறைகளில் சாதாரணமாகக் கையாளும் பனியன் வேஸ்ட் இங்கே உதவாது. அதன் நூலிழை ஒன்று உள்ளே தங்கினால் அதுவே அடைப்பாகும். பாகங்களைக் கிளீனரில் அலசிக் காற்றடித்து உலர்த்தி, ஏ.டி.எஃப். எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில், அதுவும் புதியதில், நனைத்து, வால்வைத் துளையில் வைத்துச் சாய்த்தால் அது தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்காத வால்வைத் தட்டி ஏற்றக் கூடாது. பூட்டும்போது போல்ட்டுகளைக் கம்பெனி குறித்த அளவுக்கு, குறித்த வரிசையில், டார்க் ரெஞ்சினால் முறுக்குவது அவசியம்.

ஆனால் ஆயில் பேனைக் கழற்றியதுமே எண்ணெய் கருகிய நாற்றம் வீசி, அடியில் கரிய வண்டல் கனமாகப் படிந்திருக்கக் கண்டால், கிளட்ச் பிளேட்டுகளே தேய்ந்துவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும்; அந்நிலையில் வால்வு பாடியை மட்டும் சுத்தம் செய்வது வீண்செலவு, கியர்பாக்ஸையே இறக்கிப் பிரித்தாக வேண்டும்.