பாட்டி பெயர் திரும்பி வருகிறது!
குப்பம்மாள் முதல் ஆதிரை வரை...

சென்னை:

தொட்டிலில் புதுப் பாப்பா. பெயரோ பழசு!

ஆதிரை, கயல்விழி, மாறன், பாரி என்று ஏட்டில் கிடந்த பெயர்கள் எல்லாம் இப்போது பள்ளி வருகைப் பதிவேட்டுக்கு வருகின்றன. பாட்டி, தாத்தா பெயரைத் தேடுகிறவர்களும் உண்டு.

இதில் ஆச்சரியம் இல்லை. "பேரன்" என்றாலே "பெயரன்"தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள்.

மருமகள் பாடு

அந்தக் காலத்தில் மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அதையே குழந்தைக்கு வைத்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது? கோபம் வந்தால் எப்படித் திட்டுவது? அதனால் வீட்டுக்கு "பாப்பா", "அம்மு" என்று இன்னொரு பெயர் வந்தது.

மாறிய பெயர்கள்

1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய வேதாசலம், மறைமலை அடிகள் ஆனார். பிறகு திராவிட இயக்கத்தில் நாராயணசாமி, நெடுஞ்செழியன் ஆனார். ராமையா, அன்பழகன் ஆனார். சங்ககாலப் பெயர்கள் சாதாரண வீடுகளுக்கும் வந்தன.

கண்ணீர்க் கதை

எல்லாப் பழைய பெயரும் இனிப்பானதல்ல. அடுத்தடுத்து பிள்ளைகள் செத்துப்போன வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்க "குப்பம்மாள்", "பிச்சை" என்று பெயர் வைத்தார்கள். பெண்ணாகவே பிறந்ததால் "போதும்பொண்ணு" ஆனவர்களும் உண்டு.

அவசரம் வேண்டாம்!

பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். ஆனால் பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டவேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்த வழி உண்டு. "பெயர் பிடிக்கவில்லை" என்று வந்து நின்றால் அரசிதழ் வரை அலைய வேண்டியதுதான்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், வாக்காளர் பட்டியலுக்கும், பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆங்கில எழுத்திலும் கவனம் தேவை. "யாழினி"யின் ழகரத்துக்கு ஒரு இடத்தில் "எல்", இன்னொரு இடத்தில் "இசட் எச்" என்று போட்டால் பிள்ளைக்குத்தான் தலைவலி!

பாட்டி பெயரை வைக்குமுன் பாட்டியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. "அந்தப் பேரு எனக்கே புடிக்காதுடா" என்று அவர் சொன்னாலும் சொல்லுவார்!