சட்டையில் குத்திய சங்கம்

பழைய மன்றப் பேட்ஜ், ஆண்டு மலர், குழுப்படம்... லோரி ஏறுவதற்கு முன் காப்பாற்றப் போராடும் ஒரு சேகரிப்பாளரின் அனுபவம்

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தைக்கு நான் முதன்முதலில் போனது கைக்கடிகாரம் வாங்கத்தான். எட்டு ஆண்டுகள் இருக்கும். ஒரு சீனப் பெரியவர் மேசையில் பழைய மைலோ டின் ஒன்று வைத்திருந்தார். உள்ளே சாரணர் பேட்ஜ், ரோட்டரி பேட்ஜ், போலீஸ் பொத்தான் என்று ஒரு குவியல். கிளறிக்கொண்டே இருந்தபோது பத்துக் காசு அளவில் ஒரு பித்தளை வட்டம் கையில் தட்டுப்பட்டது. நடுவில் ஒரு குத்துவிளக்கு, திறந்த புத்தகம். ஓரத்தில் நீல எனாமல் பாதி உதிர்ந்திருந்தது. மிச்சமிருந்த எழுத்துகள்: ‘...ளைஞர் மன்றம்’.

“அது என்ன எழுத்து?” என்று அவரே என்னைக் கேட்டார். தமிழ் என்றேன். எட்டு ரிங்கிட் சொன்னார். பேரம் பேசத் தோன்றவில்லை.

அந்தக் கைக்கடிகாரத்தை நான் இன்றுவரை வாங்கவில்லை. கிள்ளானில் இருக்கும் என் வீட்டின் ஓர் அறையில் இப்போது மூன்று அலமாரிகள் இருக்கின்றன. பேட்ஜ், உறுப்பினர் அட்டை, சந்தா ரசீது, கூட்டக் குறிப்பேடு, ரப்பர் முத்திரை, பொங்கல் விழா அழைப்பிதழ், ஆண்டு மலர், குழுப்படம், கைப்பிடி உடைந்த சுழற்கிண்ணம். எல்லாம் நம் மாணவர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் விட்டுச் சென்றவை. “தபால்தலை சேர்த்தாலாவது விலை போகும்” என்று என் மனைவி சொல்வார். அவர் சொல்வதும் சரிதான்.

அமெரிக்காவில் இது பெரிய உலகம்

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தானா என்று தேடியபோது, அமெரிக்கக் கல்லூரிச் சங்கங்களின் உலகம் கண்ணில் பட்டது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சகோதரத்துவச் சங்கங்களும் மாணவியர் சங்கங்களும் அங்கே ஏராளம். அவற்றில் முதலாவதாகக் கருதப்படும் ‘ஃபை பீட்டா கப்பா’ 1776 டிசம்பர் 5ஆம் தேதி, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. கறுப்பின மாணவர்களுக்காக ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’ 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவானது.

உறுப்பினராகச் சேர்பவர் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு பேட்ஜ்தான் இச்சங்கங்களின் உயிர். பழையவற்றில் பல தங்கத்தில் செய்து முத்துப் பதித்தவை. பின்புறத்தில் உறுப்பினரின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மாணவியின் வாழ்க்கையையே தேடி எடுக்கும் சேகரிப்பாளர்கள் அங்கே இருக்கிறார்கள்.

என்னை யோசிக்க வைத்தது அவர்களுடைய ஒரு வழக்கம். சில சங்கங்களின் விதிப்படி பேட்ஜ் உறுப்பினருக்குச் சொந்தமே இல்லை. அது வாழ்நாள் முழுவதும் அணிந்துகொள்ளக் கொடுத்த இரவல். உரியவர் இறந்தபின் அவரோடு புதைக்கலாம், அல்லது சங்கத்திடம் திருப்பித் தரலாம். விற்கக்கூடாது. ஆனாலும் பேரப்பிள்ளைகள் கைக்கு வந்ததும் அது ஏலத்துக்குப் போய்விடுகிறது. ஏலத்தில் கண்ணில் படும் பேட்ஜை, முன்னாள் மாணவியர் தங்கள் கைக்காசைப் போட்டு மீட்டெடுக்கிறார்கள்.

நம்மிடம் தங்கமோ முத்தோ இல்லை. மீட்பதற்கு ஆளும் இல்லை. ஆனால் கதை இருக்கிறது.

மணிமன்றம் முதல் பேரவை வரை

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950களில் மாணவர்களுக்காக ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை நடத்தியது. தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைக்குத் தன் பெயரை அச்சில் பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பின்னாளில் பெயர் வாங்கிய எழுத்தாளர்கள் பலர் அந்தப் பகுதியில் எழுதிப் பழகியவர்கள். தாளில் தொடங்கிய மணிமன்றம் பிறகு தரையில் இறங்கியது. நாடு முழுக்க ஊர்தோறும், தோட்டந்தோறும் மணிமன்றங்கள் கிளைவிட்டன. நாடகம், பேச்சுப் போட்டி, கால்பந்து, திருக்குறள் வகுப்பு என்று அவை செய்யாத வேலை இல்லை.

பல்கலைக்கழகத்தின் கதை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அப்போது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அந்தத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதி இயக்கத்தை நடத்தினார். சாதாரண உழைப்பாளிகள் கொடுத்த சிறு தொகைகளில் வளர்ந்த நிதி அது. அந்த இயக்கத்தோடு தொடர்புடைய ஒரு துண்டுக் காகிதமாவது கிடைக்காதா என்று எட்டு ஆண்டுகளாகத் தேடுகிறேன்.

துறை கோலாலம்பூருக்கு வந்தபின் தனிநாயகம் அடிகளார் அதன் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திய சிறுகதைப் போட்டிகளின் கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுப்புகளாக வந்தன. அவற்றில் சில என் அலமாரியில் உண்டு. ஒரு பிரதியின் முதல் பக்கத்தில் யாரோ ஒரு மாணவர் நீல மையில் எழுதியிருக்கிறார்: ‘அறை நண்பனுக்கு. சாப்பாட்டுக் கடன் தீர்ந்தது.’

எங்கே போயின எல்லாம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்குப் போய், மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். மன்றக் கட்டடம் இடிந்தது. செயலாளர் கையிலிருந்த டிரங்குப் பெட்டி தாமான் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அவர் காலமானதும், பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியோடு தெருவில் வரும் நாளில், பெட்டியும் ஏறிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் மட்டும் என்ன நடந்தது? 1905இல் இரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ வீடுகளில் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமத்துக்கு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது மக்கள் குரல் கொடுத்தார்கள். பின்னர் அது தேசிய மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடத்துக்குக் குரல் கொடுக்கக் கூட்டம் சேர்கிறது. மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பெட்டிக்கு அப்படி யாரும் வருவதில்லை.

எஞ்சியதை வெள்ளம் கொண்டுபோனது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் வெள்ளம் வடிந்த பிறகு, தெருவோரம் மலைபோல் குவிந்த மெத்தைகளுக்கும் சோபாக்களுக்கும் நடுவே ஆல்பங்கள் ஊறிக் கிடந்ததை நானே பார்த்தேன்.

இருபத்து மூன்று முகங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டைக் காலி செய்தவர்களிடம் ஒரு குழுப்படம் வாங்கினேன். முப்பத்தைந்து ரிங்கிட். கண்ணாடி விரிசல். 1964 என்ற ஆண்டு மட்டும் தெரிந்தது. கீழே பெயர்கள் அச்சிட்ட பட்டையைக் கரையான் முழுசாகத் தின்றிருந்தது. மொத்தம் இருபத்து மூன்று பேர். பின்வரிசையில் வெள்ளைச் சட்டை, மெல்லிய டை. முன்வரிசையில் நாற்காலியில் நான்கு பெண்கள். எல்லார் நெஞ்சிலும் ஒரே மாதிரி பேட்ஜ். என் சேகரிப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த பொருள் அதுதான்.

கிள்ளானில் நடந்த ஒரு சிறு பொங்கல் கண்காட்சியில் அதை வைத்தேன். எண்பது வயதை நெருங்கிய ஓர் அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது முகத்தைத் தொட்டார்.

“தம்பி, இது நான்தான்யா.”

அவர் மன்றத்தின் பொருளாளர். இதே படம் அவர் வீட்டுச் சுவரிலும் இருந்ததாம். வெள்ளத்தில் போய்விட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “இத எங்கிட்ட கொடுக்க முடியுமா?”

“நல்ல காப்பி எடுத்துத் தரேம்மா” என்றேன்.

அவர் தலையாட்டினார். மறுத்துப் பேசவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. காசு கொடுத்து வாங்கியது நான். மாதச் சந்தா கட்டி, அப்பாவிடம் அனுமதி வாங்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அவர். இரவல் என்று அமெரிக்காவில் சொல்கிறார்களே, அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த சனிக்கிழமை படத்தை ஸ்கேன் செய்துவிட்டு, சட்டத்தோடு அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அன்று மாலை முழுக்கப் பேசினார். பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மன்றத்தில் இரண்டு கூட்டம் சண்டை நடந்ததாம். சேர்த்தபின், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய அப்பா போட்ட நிபந்தனை. அதனால் கூட்ட நேரமே மாலை நான்கு மணிக்கு மாறியது. “ஆம்பளைங்களுக்குக் கோபம். காற்பந்து விளையாட முடியல பாரு” என்று சிரித்தார்.

பதினான்கு பேருக்குப் பெயர் சொன்னார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒன்பது பேர் ஞாபகம் வரவில்லை. அதில் ஒருவரைப் பார்த்து, “இவரு நல்லாப் பாடுவாரு” என்று மட்டும் சொன்னார்.

படம் இப்போது அவர் வீட்டில், வெயில் படாத சுவரில் இருக்கிறது. என் அலமாரியில் அதன் இடம் காலி. பொய் சொல்ல மாட்டேன், அந்த இடத்தைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் படம் என்னிடமே இருந்திருந்தால், அது இருபத்து மூன்று அந்நியர்களின் படமாகவே இருந்திருக்கும். அன்றிலிருந்து பொருளை வாங்குவதற்கு முன், அதைப் பற்றிச் சொல்ல யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன். பொருள் காத்திருக்கும். ஆள் காத்திருக்க மாட்டார்.

உங்கள் வீட்டில் இருந்தால்...

• முதலில் கேளுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்புறம் எழுத மென்மையான பென்சில் போதும். பேனா மை முன்பக்கம் ஊறும்.

• பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் பிறகு பிரிக்க முடியாத கேடு. துருப்பிடித்த ஸ்டேப்பிள், கிளிப் இருந்தால் பதமாக எடுத்துவிடுங்கள்.

• பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். பாலிபுரோப்பிலீன் உறை நல்லது.

• பேட்ஜைப் பளபளப்பாக்க பிராசோ போட்டுத் தேய்த்தால் முலாமும் எனாமலும் சேர்ந்து போகும். மென்மையான உலர்ந்த துணியே போதும். கறுப்பும் அதன் வயதுதான்.

• கூரைக்கு அடியிலும் தரையிலும் வைக்காதீர்கள். ஒன்றில் வெக்கை, மற்றதில் கரையானும் வெள்ளமும். அலமாரியின் நடுத்தட்டே பாதுகாப்பு. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

• தாள் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். நிழலில், காற்றாடிக் காற்றில் விரித்து வையுங்கள். உடனே முடியாவிட்டால் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடிக்காது, அவகாசம் கிடைக்கும்.

• படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

• வைத்துக்கொள்ள இடம் இல்லையா? கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் பெற்றுப் பாதுகாக்கிறது. கூட்டக் குறிப்பேடு போன்றவற்றை அங்கே கொடுப்பது பற்றி விசாரிக்கலாம்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாள் வரும். பழைய பேப்பர் லோரியைக் கைகாட்டி நிறுத்துவதற்கு முன், மாடிப்படிக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். குத்துவிளக்கும் புத்தகமும் போட்ட பித்தளைப் பேட்ஜ் ஒன்று கிடைத்தால், அது எந்த மன்றத்தினுடையது என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். என்னுடையதில் பெயர் உதிர்ந்துவிட்டது. எட்டு ஆண்டுகளாகியும் அதன் ஊர் எனக்குத் தெரியாது.