காலடியில் கொதிக்குது லாவா!

சண்டை என்றால் முதலில் நிற்க ஓர் இடம் வேண்டும். குத்துச்சண்டைக்குக் கயிறு கட்டிய மேடை. மல்யுத்தத்துக்கு மண்ணைக் கொத்திப் போட்ட களம். தெருச்சண்டைக்குக்கூட நாலு பேர் விலகி நின்று, வட்டம் போட்டு, வசதி செய்து தருகிறார்கள்.

நார்ஃபேர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இந்த மரியாதையெல்லாம் கிடையாது. எதிராளியை ஒரு சாத்து சாத்தலாம் என்று கையை ஓங்கினால், கீழேயிருந்து லாவா பொங்கி வருகிறது. சரி, மேலே தாவித் தொலைக்கலாம் என்றால் பக்கவாட்டில் சுவர் மாதிரி லாவா நகர்ந்து வருகிறது. அதையும் தாண்டி 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறபோது, முதுகுக்குப் பின்னால், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு லாவா அலை. எதிராளியாவது, சண்டையாவது! 'ஓடுறா' என்று அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கத் தோன்றும்.

பதற வேண்டாம். இது 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்கிற வீடியோ விளையாட்டில் வருகிற ஒரு சண்டைக்களம். கை சுடாது. மானம்தான் போகும்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மற்றச் சண்டை விளையாட்டுகளில் ஆளுக்கொரு உயிர்க்கோடு இருக்கும். அடி விழ விழக் கோடு குறையும், தீர்ந்தால் ஆள் காலி. இதில் தலைகீழ். அடி வாங்க வாங்க உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சதவிகிதம் ஏறும். ஏற ஏற நீங்கள் லேசாகிவிடுகிறீர்கள். 10 சதவிகிதத்தில் இருப்பவனை அறைந்தால் ரெண்டடி நகர்வான். அதே அறையை 120-ல் வாங்கினால் பட்டம் மாதிரிப் பறப்பான். திரைக்கு வெளியே எல்லையைத் தாண்டிப் போனால்தான் ஓர் உயிர் போகும். ஆக, இந்த விளையாட்டில் அடி வாங்குவது பிரச்னை இல்லை. திரும்பி வர முடிகிறதா என்பதுதான் பிரச்னை. (மாதக் கடைசியில் நமக்கு இருக்கிற அதே பிரச்னை.)

இதைப் படைத்தவர் ஜப்பான்காரர் மசாஹிரோ சகுராய். ஹால் லேபரட்டரி என்கிற கம்பெனியில், உருண்டையாக, ரோஜா நிறத்தில் எல்லாவற்றையும் விழுங்குகிற 'கிர்பி'யைப் படைத்தவரும் இவரே. நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஒரு சண்டை விளையாட்டை யோசித்தார். திட்டம், உருவங்கள், அசைவுகள் எல்லாம் இவர் வேலை. புரோகிராம் எழுதியவர் யார் தெரியுமா? கம்பெனியின் தலைவர் சடோரு இவாடா! வார நாட்களில் தலைவர் வேலை, வார இறுதியில் புரோகிராம். ஒலிக்கு இன்னொருவர். ஆக மொத்தம் மூன்று பேர். நம் ஆபீஸில் ஸ்டேப்ளர் வாங்குகிற கமிட்டியிலேயே ஐந்து பேர் இருக்கிறார்கள்.

அந்த முதல் வடிவத்துக்குப் பெயர் 'டிராகன் கிங்'. ஆட்கள் முகமில்லாத பொம்மைகள். இப்படியே விட்டால் சீந்த நாதி இருக்காது என்று சகுராய்க்குத் தோன்றியது. நின்டெண்டோவின் மரியோ, டாங்கி காங், சாமஸ், ஃபாக்ஸ் நால்வரையும் உள்ளே இறக்கிப் பார்த்தார். முன்கூட்டி அனுமதி கேட்கவில்லை. உருப்படியாக ஆடிக் காட்டிய பிறகுதான் சொன்னார். 1999 ஜனவரியில் நின்டெண்டோ 64 இயந்திரத்துக்கு வந்தது. மரியோவும் பிகாசூவும் ஒருவரையொருவர் போட்டு உதைப்பதைப் பார்க்க உலகமே காத்திருந்த மாதிரி வாங்கித் தள்ளியது.

2001-ல் 'மெலே' வந்தது. 2003-ல் சகுராய் கம்பெனியை விட்டு விலகினார். இவாடா அதற்குள் நின்டெண்டோவுக்கே தலைவர். 2005-ல், புது இயந்திரத்துக்கு ஒரு ஸ்மாஷ் வரும் என்று அவர் அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகுதான் சகுராயைக் கூப்பிட்டு, 'நீங்கள் செய்து தர முடியுமா?' என்று கேட்டார்! முதலில் கஸ்டமரிடம் தேதி சொல்லிவிட்டு, பிறகு நம்மிடம் 'முடியும்தானே?' என்று கேட்கிற மேலதிகாரி ஜப்பானிலும் உண்டு என்பதில் எனக்கு ஓர் அல்ப திருப்தி. அப்படிப் பிறந்த 'பிரால்' 2008 ஜனவரியில் வெளிவந்தது. நம் நார்ஃபேர் அதில்தான் களமாக அறிமுகம்.

பெயர் அதற்கும் பழையது. 1986-ல் வந்த 'மெட்ராய்டு' விளையாட்டில் ஜீபஸ் என்கிற கிரகத்தின் ஆழத்தில் ஒரு பகுதி நார்ஃபேர். விண்வெளி வேட்டைக்காரர் சாமஸ், கவசம் அணிந்து, தன்னந்தனியாக அங்கே இறங்கிப் போவார். (கடைசியில் கவசத்தைக் கழற்றினால் பெண்! அந்தக் காலத்துப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.) 1994-ல் வந்த 'சூப்பர் மெட்ராய்டு'-ல் நார்ஃபேரின் சூடான அறைகளுக்குள் தனிக் கவசம் இல்லாமல் கால் வைத்தால், சும்மா நின்றாலே உயிர் கரையும். அப்படி ஒரு உஷ்ணம்.

ஸ்மாஷில் என்ன நடக்கிறது? அதே நார்ஃபேரில் இளவரசி பீச் பட்டுக் கவுனில் வந்து நிற்கிறார். மரியோ மீசையில் ஒரு முடி கருகவில்லை. ஆனால் லாவா மேலே பட்டால் எல்லாருக்கும் ஒரே விதி. கவசம் போட்ட சாமஸுக்கும் சலுகை இல்லை.

களத்தின் அமைப்பு எளிது. தரை என்று ஒன்று கிடையாது. அந்தரத்தில் ஐந்து தட்டுகள். எந்தத் தட்டிலும் கீழேயிருந்து ஊடுருவி ஏறலாம், விளிம்பைப் பிடித்துத் தொங்கலாம். கீழே லாவா ஏறி வந்தால் கீழ்த்தட்டுகள் முழுகிவிடும். எல்லாரும் மேலே வந்து நெரிசல். பக்கவாட்டில் வந்தால் எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓட்டம். பெரிய அலை வருமுன் பின்னணியில் லாவா கொந்தளித்து எச்சரிக்கை கொடுக்கும். அப்போது ஏதாவது ஒரு தட்டில் கூண்டு மாதிரி ஒரு பாதுகாப்பு அறை முளைக்கும். அதற்குள் புகுந்துகொண்டால் தப்பலாம்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அரை நிமிஷம் முன்பு வரை ஒருவர் குடலை ஒருவர் உருவிக்கொண்டிருந்த நாலு பேர், ஒரே அறைக்குள் முண்டியடிக்கிறார்கள். காலை எட்டரை மணி டவுன் பஸ் கெட்டது. சில மகானுபாவர்கள் அந்த நேரத்திலும் வாசலில் நின்று மற்றவனை வெளியே உதைத்துத் தள்ளுவார்கள். அவர்களோடு நீங்கள் எந்தக் காலத்திலும் பிஸினஸ் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. லாவா எப்போதும் எமன் இல்லை. சதவிகிதம் குறைவாக இருக்கும்போது பட்டால், சுட்டாலும் உங்களை மேலே தூக்கி எறிகிறது. தட்டிலிருந்து நழுவி, 'போச்சு' என்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போகிறவனை, கீழேயிருந்து பொங்கி வந்த லாவா பந்து மாதிரி எத்தி மறுபடி களத்துக்கே அனுப்பிவிடும். 1999-ன் ஜீபஸ் களத்திலும், 2001-ன் பிரின்ஸ்டார் களத்திலும் அமிலம் பொங்கும். அங்கேயும் இதே கதைதான். உயிரை எடுக்க வந்தது உயிரைக் கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் சதவிகிதம் ஏறிப்போன ஆசாமிக்கு அதே எத்து நேராக மேலுலகம்.

இந்தத் தொடரில் போக்கிரிக் களங்கள் வேறும் உண்டு. 'பிக் ப்ளூ'வில் பறக்கும் ரேஸ் கார்களின் கூரைமேல் நின்று சண்டை. ரோட்டில் கால் பட்டால் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். 'ஸ்பியர் பில்லர்'-ல் ஒரு பிராணி வந்து திரையையே தலைகீழாகக் கவிழ்க்கும். கழுத்து வலி இலவசம்.

சரி, எல்லாருக்கும் இது பிடித்ததா? இல்லை. அங்கேதான் ஒரு பெரிய தகராறு.

ஸ்மாஷைத் தொழில்போல் ஆடுகிற ஒரு கூட்டம் உருவானது. பரிசுப் பணம் வைத்துப் போட்டிகள் வந்தன. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: 'ஆறு மாசம் ராப்பகலாகப் பயிற்சி செய்கிறேன். இறுதி ஆட்டத்தில் நான் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து எங்கிருந்தோ லாவா வந்து என்னைத் தூக்கி எறிந்தால், தோற்றது யார்? நானா, என் ஜாதகமா?' களங்களைச் சலிக்க ஆரம்பித்தார்கள். பிரின்ஸ்டார் மாதிரிக் களங்கள் சில வருஷம் தாக்குப் பிடித்தன. முந்தின ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த களத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிற விதியில் அவை உயிரோடு இருந்தன. பிறகு அதுவும் போச்சு. மெலேயில் கடைசியாகப் பல வருஷம் நின்றவை ஆறே களங்கள்.

2008-ல் லாஸ் வேகாஸில் நடந்த 'ஈவோ' போட்டியில் அமைப்பாளர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். பிராலில், வானத்திலிருந்து விழுகிற ஆயுதங்களை அணைக்காமல் ஆடவிட்டார்கள். 'பயிற்சிக்கு மதிப்பே இல்லையா?' என்று எழுந்த கூச்சல் வருஷக்கணக்கில் ஓயவில்லை. போதாக்குறைக்கு, பிராலில் ஓடுகிறவர்கள் சும்மாவே திடீரென்று தடுக்கி விழுவார்கள். வாழைப்பழத் தோல்கூட வேண்டாம். அடுத்த பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் சலித்தெடுத்த அந்த ஆறு களங்களிலும் முழு அமைதி கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். 'டிரீம் லேண்ட்'-ல் ஒரு மரம் ஊதித் தள்ளும். 'யோஷிஸ் ஸ்டோரி'யில் ராண்டல் என்று ஒரு மேகம் களத்தைச் சுற்றி வரும், அதன்மேல் ஏறிப் பிழைக்கலாம். இதை ஏன் விட்டுவைத்தார்கள்? ராண்டல் ஆட்டத்தின் கடிகாரப்படி நகர்கிறது. எத்தனையாவது விநாடியில் எங்கே இருக்கும் என்பதைக் கெட்டிக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆக, அவர்களுக்கு எதிரி ஆபத்து இல்லை. டைம்டேபிள் இல்லாத ஆபத்துதான். ராண்டல் சொன்ன நேரத்துக்கு வருகிற ரயில். நார்ஃபேர் லாவா நம் வீட்டுத் தண்ணி லாரி.

2018 டிசம்பரில் வந்த 'அல்டிமேட்'-ல் நார்ஃபேர் உட்பட 100-க்கும் மேற்பட்ட களங்கள். கூடவே சகுராய் சண்டையை ஒரு ஸ்விட்சில் முடித்தார். 'களத்தின் ஆபத்துகள்: உண்டு / இல்லை.' இல்லை என்று அமுக்கினால் நார்ஃபேரில் லாவா வராது. ஐந்து தட்டு, அமைதி. பெரிய போட்டிகளில் இந்த ஸ்விட்சை அணைத்துத்தான் ஆடுகிறார்கள். அப்படியும் நார்ஃபேருக்கு அங்கே இடமில்லை. விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே காலம் தள்ள இத்தனை வசதி இருக்கிற இடத்தில் சண்டை எப்படி நடக்கும் என்கிறார்கள். நியாயம்தான்.

பணம் வைத்து ஆடுகிறவன் அணைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஆடும்போதும் அணைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவர் அறையில் சனிக்கிழமை ஆட்டம் நடக்கும். பையன் பயங்கரமான ஆட்டக்காரன். ஒருநாள் எங்கள் மேனேஜர் வந்தார். ஐம்பத்து நாலு வயசு. கன்ட்ரோலரைத் தராசு மாதிரிப் பிடித்தார். பையன், "சார், ஆபத்தெல்லாம் அணைச்சிடறேன். அதுதான் முறை" என்று சமதளக் களத்தில் ஆரம்பித்தான். ஒன்றரை நிமிஷத்தில் மூன்று உயிரும் காலி. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஆடுங்கப்பா, நான் பேப்பர் பார்க்கறேன்" என்றார். அந்தக் குரலை நான் ஆபீஸில் கேட்டதே இல்லை. ஒதுங்கிக்கொள்கிற குரல்.

நான் ஸ்விட்சைப் போட்டு நார்ஃபேரைத் தேர்ந்தெடுத்தேன். பையன் முகம் சுளித்தான். மேனேஜர் டாங்கி காங்கை எடுத்தார். அடிக்கத் தெரியவில்லை. ஆனால் முப்பது வருஷ ஆபீஸ் அனுபவம், ஆபத்து எந்தப் பக்கம் வருகிறது என்று மனுஷனுக்கு முன்கூட்டியே மூக்கில் வேர்க்கிறது! லாவா தெரிந்ததும் முதல் ஆளாக மறுபக்கம் போய்விடுகிறார். பையன் என்னைத் துரத்துகிற மும்முரத்தில் பெரிய அலையைக் கவனிக்கவில்லை. அறைக்குள் பத்திரமாக மேனேஜர். வெளியே பையன், 130 சதவிகிதம். விண்ணில் ஒரு நட்சத்திரமாக மின்னி மறைந்தான்.

"என்னய்யா இது, நான் இன்னும் இருக்கேனா?" என்றார் மேனேஜர். இரண்டாமிடம். பேப்பர் மடித்தபடியே கிடந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அவர் வீட்டிலிருந்து ரெண்டாம் தடவையாகப் போன் வந்த பிறகுதான் எழுந்தார்.

பையன் இதை அதிர்ஷ்டம் என்கிறான். எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருகிற ஒன்று எப்படி அதிர்ஷ்டம் ஆகும் என்பது என் கட்சி. சண்டைக்கு நடுவே அடுப்பில் ஒரு கண் வைப்பதும் திறமைதான். நம் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த விவாதம் எங்கள் கான்டீனில் இன்னும் முடியவில்லை.

போன வாரம் பையன் ரிட்லியைத் தேர்ந்தெடுத்தான். ரிட்லி என்பது மெட்ராய்டின் பெரிய வில்லன், இறக்கை வைத்த பயங்கரப் பிராணி. நார்ஃபேருக்கு அடியில்தான் அதன் பொந்து. 2014-ல் வீ யூ இயந்திரத்துக்கு வந்த ஸ்மாஷில் 'பைரோஸ்பியர்' என்கிற களத்தில் குறுக்கே பாய்ந்து எல்லாரையும் இம்சிக்கிற ஆபத்தே ரிட்லிதான். 2018-ல் பதவி உயர்வு கிடைத்து, நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய வீரனாகிவிட்டது. "சார், இது இவரோட சொந்த ஊர். லாவா இவரை ஒண்ணும் செய்யாது" என்றான் பையன் தெம்பாக.

1986-லிருந்து அந்த நெருப்புக்கு அடியிலேயே குடியிருந்த ஆசாமி. கீழேயிருந்து லாவா வந்தது. பிருஷ்டத்தில் சுட்டுக்கொண்டு, மரியோவைப் போலவே, அலறியபடி எகிறிப் போனார்.