தடுப்பூசி வரிசையில் யார் முன்னால்?

உலக சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று ஒப்பந்தம் 2025 மே மாதம் ஜெனீவாவில் நிறைவேறியது. ஆனால் அதன் பின்னிணைப்பு ஒன்று ஏற்கப்பட்ட பிறகே நாடுகள் கையெழுத்திட முடியும். கிருமி மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று சொல்லப்போவது அந்தப் பின்னிணைப்புதான். 2026 மே மாத உலக சுகாதாரப் பேரவைக்குள் அதை முடிப்பது என்று கெடு வைத்துக்கொண்டார்கள்.

இதுபற்றி வரும் வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப இருக்கின்றன. காய்ச்சலுக்கு ஏழை, பணக்காரர் தெரியுமா என்பது ஒன்று. தடுப்பூசியைக் கண்டுபிடித்ததும் எல்லோருக்கும் கொடுத்தால் போதாதா, ஒப்பந்தம் எதற்கு என்பது மற்றொன்று.

காய்ச்சல் ஆள் பார்த்து வருமா?

பம்பாயின் 1918 கணக்கைப் பாருங்கள். அந்த இன்ஃப்ளூயன்சாவில் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். பார்சிகளில் 9 பேர். சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டிருந்த இந்துக்களில் 61.6 பேர். ஊரும் ஒன்று, வைரஸும் ஒன்று. ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், மழை பொய்த்த அந்த ஆண்டில் யார் வயிறு காய்ந்திருந்தது, படுத்தவருக்குக் கஞ்சி காய்ச்சித் தர வீட்டில் ஆள் இருந்ததா என்பவையே சாவைத் தீர்மானித்தன. பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. சிகிச்சைக்குக் கட்டணமே இல்லாத இங்கிலாந்தில்கூட, 2009 பன்றிக் காய்ச்சலில் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கினரின் இறப்பு விகிதம் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கினரைப்போல மூன்று மடங்கு.

ஒப்பந்தம் எதற்கு?

பெருந்தொற்றுக்கான தடுப்பூசியை முன்கூட்டியே செய்து அடுக்கிவைக்க முடியாது. புது வைரஸ் கைக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் ஆகும். அதனால் பணமுள்ள நாடுகள் ஆலையின் வருங்கால உற்பத்தியையே முன்பதிவு செய்துவிடுகின்றன. பிரிட்டன் 2007-லேயே இரண்டு நிறுவனங்களுடன் அப்படி ஒப்பந்தம் போட்டது. சாதாரண நாட்களில் அந்தக் காகிதம் உறங்கும். பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நிமிடம் உயிர் பெறும். 2009 ஜூன் 11 அன்று அறிவிப்பு வந்தது. பின்னால் வந்த நாடுகள் கேட்டபோது, உற்பத்தித் திறனில் பெரும்பகுதி பேசி முடிக்கப்பட்டிருந்தது.

நன்கொடையாக 77 நாடுகளுக்கு 7.8 கோடி டோஸ் போனது உண்மை. ஆனால் அது புறப்பட்டதே 2010 ஜனவரியில். வட கோளத்தின் பெரிய அலை அதற்குள் தணிந்துவிட்டது. இந்தியாவின் சொந்தத் தடுப்பூசி 2010 ஜூனில் சந்தைக்கு வந்தது. ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இந்த வரிசையை முதலில், 2009-க்கும் முன்பே, உலுக்கியது இந்தோனேசியா. பறவைக் காய்ச்சலில் மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அந்த நாடு, வழக்கப்படி வைரஸ் மாதிரிகளை இலவசமாக அனுப்பிவந்தது. அந்த வைரஸைக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிப்பது தெரிந்ததும், அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். உலகையே ஆபத்தில் தள்ளுகிறார் என்று கண்டனம் எழுந்தது. ஆபத்தான முடிவுதான். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாமல், காய்ச்சல் வைரஸ் மாதிரிகளையும் அவற்றின் பலனையும் பகிர உலக சுகாதார நிறுவனத்தில் உருவான 2011 ஏற்பாடு பிறந்திருக்காது.

அந்த ஏற்பாட்டின்படி, உலகக் காய்ச்சல் ஆய்வக வலையமைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டாலர் செலுத்துகின்றன. பெருந்தொற்று வந்தால் உற்பத்தியில் சுமார் 10 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்துக்கு என்று இப்போதே ஒப்பந்தம் எழுதியாயிற்று. இதன் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும்: பணக்கார நாடுகளின் அதே முன்பதிவு உத்தி, வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்காகத் திருப்பப்பட்டிருக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. இன்று வைரஸின் மரபணு வரிசை கணினியில் கிடைத்தாலே தடுப்பூசியை வடிவமைக்கலாம். 2011 விதிகளோ மாதிரியைக் கையில் வாங்கியவரை மட்டுமே கட்டுகின்றன. புதிய பின்னிணைப்பு அடைக்க வேண்டிய ஓட்டை இது. புதிய ஒப்பந்தத்தில் பங்கு 20 சதவீதம். அதில் உற்பத்தியின் 10 சதவீதமாவது இலவசம். அறிக்கைகள் 'சமமான அணுகல்' என்று கொண்டாடுவது இந்த 20-ஐத்தான். மீதி 80 பழைய வரிசைப்படியே போகும்.

மற்ற கேள்விகள்

புதிய ஒப்பந்தம் எப்போது அமலாகும்? 60 நாடுகள் உறுதிசெய்த பிறகு.

ஊரடங்கு போட, ஊசியைக் கட்டாயமாக்க உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் வருகிறதா? இல்லை.

ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ? 2011 ஏற்பாட்டில் சேராது.

நாட்டுக்கு வரும் ஊசி கூலித் தொழிலாளிக்கு வருமா? அதை அந்தந்த அரசுதான் முடிவு செய்யும்.

ஊசி மட்டும் போதுமா? போதாது, சம்பளத்துடன் நோய் விடுப்பு போன்ற பணியிட வசதிகள் இல்லாததால் 2009-இல் அமெரிக்காவில் கூடுதலாக 50 லட்சம் பேருக்குக் காய்ச்சல் பரவியதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஜெனீவாவில் எழுதப்படுவது நாடுகளின் வரிசை. நம் ஊருக்குள் துப்புரவுத் தொழிலாளியும் கட்டட வேலை செய்பவரும் எத்தனையாவது இடத்தில் நிற்பார்கள் என்பதை நம் அரசுகள் எழுத வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இப்போதே கேளுங்கள்.